தூள (ஹெரோயின) விட்டவனுக்கு ட்ராமடோல் நோக் குளிச, எங்க காட்டுறது?

களுவாஞ்சிக்குடி பக்கம், வயசு 41. 2023ல ஓட்டோ பிரண்டு நாரி அடிபட்டது, நாரி முள்ளெலும்புக்கு நடுவில உள்ள எல்4 எல்5 டிஸ்க் விலகி நரம்ப அமத்துதாம், நாரியில இருந்து இடது கால் பெருவிரல் மட்டும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்கும், ராவைக்கு ஒரு பக்கம் படுக்க ஏலா.

பிரச்சின என்னெண்டா நான் முந்தி தூள் பாவிச்சவன், விட்டு 6 வருசம். ஒளிக்காம எல்லா டொக்டர்மாருக்கும் சொல்லிட்டன், ஒராள் அதக் கேட்டதும் துண்டத் திருப்பித் தந்துட்டார், உண்மை சொன்னதுக்கு கிடைச்சது அதுதான்.

பெனடோல் கேக்கல்ல, டைக்ளோஃபெனாக் போட்டு வயிறு புண்ணாகி நிப்பாட்டியாச்சு, நரம்பு நோவுக்குத் தாற கபாபென்டின் 300 மூணு நேரம் போட்டு கிணத்தடியில தல சுத்தி விழுந்தன், பிசியோ 3 மாசம், நாட்டு வைத்தியர்ட எண்ணெயும் பூசினதுதான்.

இப்ப வேற டொக்டர் தந்த ட்ராமடோல் 50 ரெண்டு நேரம், 5 கிழமையா. இதுவும் தூள் மாதிரி ஓபியாய்ட் வகை, பழக்கமாகக் கூடியது. நோ குறையுது, ஆனா அட்டைய உடைக்கிற சத்தம் கேட்டாலே பழைய ஆள் எழும்புறான். மனிசி அலுமாரியில பூட்டி வச்சு எண்ணித்தான் தாறா, போன கிழம மூணாவது கேட்டு சண்ட பிடிச்சிட்டன், அவ தரல்ல. சட்டெண்டு நிப்பாட்டவும் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணுமாம்.

மட்டக்களப்பு, அம்பாறைக்குள்ள நோவையும் பழைய பழக்கத்தையும் ஒண்டா வச்சுப் பாக்கிற கிளினிக் எங்க இருக்கு?