தீபாவளி இனிப்பு மலைபோல் மீந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

அம்பத்தூர்க்காரி:
எங்கள் அடுக்ககத்தில் ஒருவருக்கொருவர் பெட்டி கொடுத்து வாங்கியதில் சாப்பாட்டு மேசையே மறைந்துவிட்டது. கல்லாகிப்போன மைசூர்பாகு, பூந்தி லட்டு, ஜாங்கிரி, முந்திரி கத்லி, முந்தாநாள் வந்து வெளியிலேயே இருக்கும் பால்கோவா, பிரிக்காத சோன்பப்டிப் பெட்டிகள். பிள்ளைகள் மிக்சரையும் முறுக்கையும் காலி செய்துவிட்டு இனிப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். நான் ஒருத்தி லேகியத்தை விழுங்கிக்கொண்டே எவ்வளவுதான் தின்பது? வேறு பலகாரமாக மாற்ற வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சரக்கு மாஸ்டர்:
அம்மா, பால்கோவாவை முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம், குப்பையில் போடுங்கள். பால் இனிப்பில் ஈரம் அதிகம், வெளியே வைத்தால் தாங்காது. மைசூர்பாகுக்கும் லட்டுக்கும் சர்க்கரைதான் காவல். அவற்றில் நெய் சிக்கு வாடை அடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் ஒரு விதி வந்தது. ஆனால் எழுதி வைத்தாலும் அந்த அட்டை கடையோடு நின்றுவிடுகிறது, பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

இனி லட்டை லட்டாகப் பார்க்காதீர்கள். சர்க்கரையும் நெய்யும் ஏற்கெனவே சேர்த்து வைத்த கடலை மாவு அது. ஒரு ஆழாக்கு ரவையை வறுத்து, இரண்டரை ஆழாக்குக் கொதிநீரில் வேகவிட்டு, ஆறு லட்டை உதிர்த்துப் போட்டுக் கேசரியாகக் கிளறுங்கள். முந்திரியும் கிராம்பும் ஏலக்காயும் லட்டிலேயே வந்துவிடும். சுவைத்துப் பார்க்கும்வரை சர்க்கரை டப்பாவைத் திறக்கக் கூடாது.

மைசூர்பாகு போளிக்குப் பூரணமாகும். மிக்சியில் விட்டு விட்டு அடித்துத் தூளாக்கி, ஈரம் போக வறுத்த தேங்காய்த் துருவலைச் சேருங்கள். வெறும் தூளை வைத்தால் கல்லில் நெய் கசிந்து போளி கிழியும். ஒரு பிடி பொட்டுக்கடலை மாவு கலந்தால் அது நெய்யைப் பிடித்துக்கொள்ளும். கத்லிக்கு மெனக்கெட வேண்டாம்: சுடுபாலில் ஊறவைத்து அரைத்துச் சேமியாப் பாயசத்தில் கடைசியாக ஊற்றுங்கள், தானே கெட்டியாகும்.

ஜாங்கிரியை மட்டும் அரைக்காதீர்கள். உளுந்து, வழவழவென்று ஆகிவிடும். சுண்டக் காய்ச்சிய பாலில் ஊறவைத்து அப்படியே சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை.

திருநகர்ப் பாட்டி:
மாஸ்டர் சொன்னது எல்லாம் சரி, வாய் ஊறுகிறது. ஆனால் ஏம்மா, லட்டைக் கேசரியாக்கினால் அதிலிருக்கும் சர்க்கரை எங்கே போகும்? உன் வீட்டுக்காரர் "இது புதுப் பலகாரம்" என்று இரண்டு கரண்டி அதிகமாகத்தான் சாப்பிடுவார். செய்கிற அன்றே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடு. அடுத்த தீபாவளிக்கு, பெட்டி வந்த அன்று மாலையே பாதியைக் காவலாளிக்கும் கூட்டிப் பெருக்க வருகிற பெண்ணுக்கும் கொடு. நாமே தொடாத பழசை ஒரு வாரம் கழித்து அவர்கள் கையில் திணிப்பது எனக்குப் பிடிக்காது.

கோவை வாசகன்:
சோன்பப்டிக்கு யாருமே பதில் சொல்லவில்லையே! எங்கள் வீட்டில் அது பெரியப்பா வீட்டிலிருந்து வந்து சித்தப்பா வீட்டுக்குப் போகும்.

பழைய சரக்கு மாஸ்டர்:
அதுதான் அதற்குச் சரியான வழி, தம்பி. பிரிக்காத பெட்டியில் தேதி அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தாராளமாகக் கொடுங்கள். பிரித்துவிட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும், அதுவும் ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். கட்டி தட்டியதை உதிர்த்துச் சூடான பாலில் கரைத்துக் குடிக்கலாம். அதற்கு மேல் அதில் வித்தை ஒன்றும் கிடையாது.

அம்பத்தூர்க்காரி:
பால்கோவா போய்விட்டது. பாட்டி சொன்னதற்காகவே கேசரியைத் தள்ளி வைத்துவிட்டுப் போளியில் இறங்குகிறேன், அக்கம்பக்கத்தில் கொடுக்க அதுதான் வசதி. மாஸ்டர் ஐயா, மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போடலாமா?

பழைய சரக்கு மாஸ்டர்:
போடலாம். மாவைச் சற்றுத் தளரப் பிசைந்து, நல்லெண்ணெய் விட்டு ஒரு மணி நேரமாவது ஊறவிடுங்கள். மைதாவைப்போல் மெல்லிசாக இழுபடாது. கொஞ்சம் தடிமனாகவே தட்டி, தீயைக் குறைத்துச் சுடுங்கள்.