மறு: பாண்டோப்தால்மிடே: மரங்குடை ஈயா, முழுவிழி ஈயா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பூச்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெக்சிகோ முதல் பிரேசில் வரை வாழும் பாண்டோப்தால்மிடே என்ற ஈக்குடும்பம் மட்டும் இன்னும் தமிழ்ப் பெயரில்லாமல் நிற்கிறது. நான் சொன்ன ‘மரங்குடை ஈ’ பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இதோ விடை. ஏறக்குறைய 20 இனங்கள்தாம்; ஆனால் சிலவற்றின் உடலே 5 செ.மீ. இருக்கும்.

> ‘மரக்குடை ஈ’ என்றால் என்ன குறை?

மரக்குடை என்றால் மரத்தால் செய்த குடை. மரத்தைக் குடைவது என்றால் இரண்டாம் வேற்றுமைத்தொகை; மரங்கொத்தி போல மெல்லினம்தான் வரும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

> ‘மரந்துளை’ எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் அம்பும் துளைக்கும், ஆணியும் துளைக்கும். உள்ளே புகுந்து தோண்டி வெற்றிடமாக்குவது குடைதல். குடைவரை என்று சொல்கிறோமே, அதுதான். இந்த ஈயின் புழு உயிருள்ள மரத்திலும் பட்டமரத்திலும் சுரங்கம் போட்டு, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவும் ஆகிறது. பல புழுக்கள் சேர்ந்து அரிக்கும் ஓசை மரத்துக்கு வெளியே நிற்பவர் காதிலும் விழும்.

> குடைவது புழு, ஈ அல்லவே?

சரிதான். ஆனால் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மரத்துக்குள்தான் கழிகிறது. பெயர் அதைச் சொல்லட்டும்.

> கிரேக்கப் பெயருக்கு ‘எல்லாம் கண்’ என்று பொருள். ‘முழுவிழி ஈ’ என்க.

அழகான சொல். ஆனால் குதிரை ஈயின் ஆணுக்கும் இரு கண்களும் ஒட்டித் தலையை நிறைத்திருக்கும். பிறகு எதை வைத்துப் பிரிப்பது?

அப்புறம், புலவர் ஐயாவின் ‘குடம்பை ஈ’. குடை, குடம், குடம்பை எல்லாம் உட்குழிவு குறித்த ஒரே வேர் என்கிறார். ‘குடம்பை தனித்தொழிய’ என்று, பறவை பறந்துபோவதைச் சொல்லும் குறளில் பரிமேலழகர் முட்டை என்று கொண்டதை மறுத்து, கூடுதான் என்று மூன்று மடல் எழுதிவிட்டார். ஈ பறந்த பின் சுரங்கம் வெறுமையாகக் கிடப்பதை நினைத்தால் எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசைதான். ஆனால் கையேட்டைப் புரட்டும் மாணவருக்குக் குடம்பைக்கே ஓர் அடிக்குறிப்பு தேவைப்படும் ஐயா.

இதுவரை நால்வர் மரங்குடை, இருவர் மரந்துளை. ஐயா இன்னும் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை ‘மரங்குடை ஈக்குடும்பம்’ என்றே அனுப்புகிறேன். இதில் பேரினங்கள் இரண்டு. அவற்றுக்கும் பெயர் வேண்டும். முழுவிழியை அவற்றில் ஒன்றுக்கு வைக்கலாமா?