சினிமாக் கருத்துகளில் பயின்ற கணினி மாதிரி மிக்ஸி விமர்சனங்களில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி:
வணக்கம். தமிழ்ப்பட முன்னோட்டங்களுக்கு யூடியூபில் வந்த 15,744 தமிழ்–ஆங்கிலக் கலப்புக் கருத்துகளைக் கொண்ட, 2020-இல் வெளியான தரவுத்தொகுப்பைக் கொண்டு உணர்வுப் பகுப்பாய்வு (ஒரு கருத்து பாராட்டா, புகாரா என்று கணிக்கும்) மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்தேன். சினிமாக் கருத்துகளில் ஓரளவு நன்றாகவே கணிக்கிறது. ஆனால் மிக்ஸி வாங்கியவர்களின் விமர்சனங்களைக் கொடுத்தால், "சட்னி வெளியே தெறிக்கிறது" என்ற புகாரைக்கூடப் பாராட்டு என்கிறது. மிக்ஸி விமர்சனங்கள் என்னிடம் நிறைய உள்ளன. ஆனால் எதற்கும் லேபிள், அதாவது பாராட்டா புகாரா என்ற குறிப்பு, இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
இது பழைய சிக்கல்தான். பீட்டர் டர்னி என்ற ஆய்வாளர் 2002-இல் கார், வங்கி, திரைப்படம், சுற்றுலாத்தலம் ஆகிய நான்கு துறைகளிலிருந்து 410 விமர்சனங்களை எடுத்து ஒரே முறையால் வகைப்படுத்தியபோது, கார்களில் 84 சதவீதம் சரியாக வந்தது. திரைப்படங்களில் 66 சதவீதம்தான். 'கணிக்க முடியாத' கதை என்றால் புகழ்ச்சி, 'கணிக்க முடியாத' ஸ்டியரிங் என்றால் ஆபத்து என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு.

பதில் 2:
பிளிட்சர், டிரெட்சே, பெரைரா மூவரும் 2007-இல் அமேசானின் புத்தகம், டிவிடி, மின்னணுப் பொருள், சமையலறைச் சாதனம் ஆகிய நான்கு பிரிவுகளிலும் தலா 2,000 லேபிளிட்ட விமர்சனங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். இரு துறைகளிலும் அடிக்கடி வருகிற, மூலத்துறையின் (லேபிள் உள்ள துறை; உங்களுக்குச் சினிமா) லேபிளோடு நெருங்கிய தொடர்புடைய சொற்களை அச்சுச் சொற்களாகக் கொண்டு, மற்ற சொற்கள் அவற்றோடு எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதை லேபிள் இல்லாத தரவிலிருந்தே கற்பது அவர்களின் வழி. 'அருமை' என்ற சொல்லோடு சினிமாவில் 'பிஜிஎம்' வருவதுபோல, மிக்ஸியில் 'நைசாக அரைக்கிறது' வருகிறது அல்லவா? அந்த ஒற்றுமையை மாதிரி பிடித்துக்கொள்ளும். அதற்கு முன், ஒரு விமர்சனம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று பிரிக்கும் எளிய வகைப்படுத்தி ஒன்றைப் பயிற்றுவித்துப் பாருங்கள். அது மிக எளிதாகப் பிரித்துவிட்டால், இரு துறைகளும் வெகு தொலைவில் உள்ளன என்று பொருள்.

பதில் 3:
மேலே உள்ள யோசனையில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'தெறி' இரு துறைகளிலும் வருகிறது, சினிமாவில் அது பாராட்டோடு இறுகப் பிணைந்தும் இருக்கிறது; ஆகவே தானாகத் தேர்வு செய்யவிட்டால் அதுவே முதல் அச்சுச் சொல்லாகி, தவறை இன்னும் ஆழமாக ஊன்றிவிடும். 'மிரட்டுகிறது', 'வெறித்தனம்' ஆகியவற்றுக்கும் இதே கதைதான். பெர்ட் (BERT) போன்ற, ஏராளமான உரைகளில் முன்பே பயின்ற மொழி மாதிரியை மிக்ஸி விமர்சனங்களில் லேபிள் இல்லாமலே மேலும் பயிற்றுவிப்பது துறையின் சொல்வழக்கைப் பழக்கும் என்றாலும், திசை மாறிய சொற்களைத் திருத்துவதற்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். அதே 2007 ஆய்விலும் தவறாக இணைந்தவற்றைச் சரிசெய்ய இலக்குத்துறையில் (உங்களுக்கு மிக்ஸி) 50 விமர்சனங்களுக்கு லேபிள் இட்டுப் பயன்படுத்தினார்கள். 50 என்பது ஒரு மாலை நேர வேலை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அச்சுச் சொற்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'தெறி' மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு, அந்தச் சொல் வரும் விமர்சனங்களிலிருந்தே லேபிளிடத் தொடங்குகிறேன்.