1969 பீட்டில் பெட்ரோல் டேங்க்: ஓட்டையை அடைப்பதா, புது டேங்க் போடுவதா?

கோவை_69

வணக்கம். வண்டி 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1300, 12 வோல்ட்.

கிளம்பி 20 கிலோமீட்டர் வரை ஒழுங்காக ஓடுகிறது. அதன்பின் 60-க்கு மேல் போனால் இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஓரங்கட்டிவிட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்புகிறது. பிளாஸ்டிக் ஃபில்டர் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடியில் காப்பித்தூள் மாதிரி படிந்திருக்கிறது. முன் பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. டேங்குக்கு அடியில், அவுட்லெட்டுக்குச் சற்றுத் தள்ளி பெயிண்ட் உப்பி ஈரமாக இருக்கிறது. சொட்டவில்லை, கசிகிறது.

மெக்கானிக் கழற்றவே வேண்டாம், வெளியே எபாக்ஸி பட்டி பூசினால் போதும் என்கிறார். ரேடியேட்டர் கடைக்காரர் ஈயம் பற்ற வைத்துத் தருகிறாராம். இன்னொருவர் உள்ளே சீலர் ஊற்றச் சொல்கிறார். புது டேங்க் வரவழைத்தால் டேங்க் விலையைவிட கொரியரும் கஸ்டம்ஸும்தான் மிரட்டுகின்றன. எது சரி? இப்போது டேங்கில் 15 லிட்டர் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இருக்கிறது.

பாக்ஸர்_நாலு

முதலில் இரண்டு பிரச்சினைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். கசிவு ஒன்று, வண்டி நிற்பது இன்னொன்று. இரண்டுக்கும் துருதான் காரணமாக இருக்கலாம், ஆனால் சோதிக்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்த முறை வண்டி விக்கும்போது நிறுத்தி, பெட்ரோல் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டி சரியானால் காற்றுவழி அடைத்திருக்கிறது. சத்தம் இல்லை, பத்து நிமிடம் கழித்துத்தான் கிளம்புகிறது என்றால் அவுட்லெட்டில் உள்ள வலையைத் துரு மூடுகிறது. பம்ப் இழுக்கும்போது தூள் வலையில் போய் ஒட்டும், வண்டி நின்றதும் கீழே உதிரும், திரும்பவும் பாதை கிடைக்கும். ஃபில்டரில் உள்ள தூளைக் காயவைத்துக் காந்தம் காட்டுங்கள். ஒட்டினால் துரு. கறுப்பாக, விரலில் மை போல் இழுபட்டால் ஹோஸின் உள் ரப்பர் கரைகிறது.

வெளியே பட்டி பூசுவது வீண். கசிகிற இடம் எப்போதும் நனைந்தே இருக்கும், பட்டி பிடிக்காது. பிடித்தாலும் தகடு உள்ளிருந்துதான் அரிக்கிறது, ஓட்டை பட்டியின் ஓரத்தில் போய்த் திறக்கும்.

எப்படியும் டேங்கைக் கழற்றியாக வேண்டும். பீட்டிலில் இது சுலபமான வேலை, ஒரு மணி நேரம்தான்:

1. திறந்த வெளியில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஷெட் தரையோடு ஊர்ந்து பக்கத்து அறை ஃப்ரிட்ஜ் வரை போகும். பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நெகடிவைக் கழற்றுங்கள்.

2. டேங்க் அவுட்லெட்டிலிருந்து சேஸிஸின் இரும்புக் குழாய்க்குப் போகும் குட்டி ஹோஸைக் கவ்விவிட்டுக் கழற்றி, 15 லிட்டரையும் இரும்பு ஜெரிகேனில் இறக்குங்கள். பிளாஸ்டிக் பக்கெட் கூடாது, நிலைமின் பொறி ஒன்று போதும்.

3. மேலே அட்டையை எடுத்து, கேஜ் சென்டர் (டேங்குக்குள் மிதவையோடு இருந்து பெட்ரோல் அளவை கேஜுக்கு அனுப்பும் கருவி) ஒயர், மூடிப் பக்கத்திலிருந்து வரும் பெரிய ஹோஸ், காற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எது எங்கே என்று கழற்றும் முன் போட்டோ.

4. மூலைக்கு ஒன்றாக நாலு எம்8 போல்ட், 13 ஸ்பேனர். போல்டோடு வரும் பிடித்தகடுகளைத் தொலைத்துவிடாதீர்கள். டேங்க் நேராக மேலே வரும்.

கழற்றியதும் கவிழ்த்துப் போட்டு, மழுங்கிய ஊசிக்கம்பியால் அடிப்பாகம் முழுக்க அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு "டிங்" என்னும், போன தகடு "டப்" என்று அமுங்கும். மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் விளிம்பு மடிப்பைக் கவனமாகப் பாருங்கள். விளிம்புக்கு அடியில் உள்ள ஃபோம் பட்டை மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அங்கே வெளியிலிருந்தும் அரிக்கும். முடிவை அந்த மடிப்பு சொல்லும்.

யாழ்_வோக்ஸ்

தம்பி, கழற்றின பிறகு செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெறும் தாங்கிதான் பெற்றோல் நிறைந்த தாங்கியைவிட ஆபத்து. காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 வீதத்திலிருந்து 7.6 வீதம் வரை இருந்தால் வெடிக்கும். நிறைந்த தாங்கியில் ஆவி அதைவிடக் கூட, அதனால் பற்றாது. வெறும் தாங்கியில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற ஒரு கரண்டி பெற்றோலே அந்த அளவைக் கொடுத்துவிடும். மணம் இல்லை என்று வெல்டிங் சுடரைக் கிட்டக் கொண்டுபோனால், சூட்டில் மடிப்புக்குள் இருந்து ஆவி கிளம்பும். இன்னொரு வாகனத்தின் புகைக்குழாயை உள்ளே விட்டுவிட்டு வெல்ட் பண்ணுகிற வழக்கமும் இருக்கிறது. அதை நம்ப வேண்டாம், புகை எல்லா மூலைக்கும் போனதா என்று பார்க்க வழியில்லை.

கழுவுகிற முறை: கொதிநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள், மூன்று நாலு தரம். பிறகு அவுட்லெட்டை அடைத்து, நீர் நிரப்பி ஒரு இரவு வையுங்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் போல ஒட்டியிருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். பிசினுக்கு அடியில் உள்ள துருவை எந்த அமிலமும் தொடாது.

துருவுக்கு சிற்றிக் அமிலம், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். லீற்றருக்கு 50 கிராம். உங்கள் தாங்கி 40 லீற்றர், ஆகவே 2 கிலோ. கை பொறுக்கிற சூட்டு நீரில் கரைத்து முழுக்க நிரப்புங்கள். பாதி நிரப்பினால் நீர்மட்டக் கோட்டில் அரிப்பு கூடும். 12 மணி நேரத்தில் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு 12. கட்டியான துரு இருந்தால் அமிலத்துக்கு முன்பு ஒரு மீற்றர் சங்கிலி போட்டு உருட்டலாம். நட்டுகளைப் போடுவதானால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். சங்கிலி என்றால் அந்தத் தலையிடி இல்லை.

கழிவறை கழுவுகிற அமிலம் வேண்டாம். துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், மடிப்புக்குள் தங்கினால் மாதக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும்.

அமிலத்தை ஊற்றியதும் 20 லீற்றர் நீரில் 200 கிராம் அப்பச்சோடா விட்டுக் கழுவுங்கள், பிறகு நல்ல நீர். இப்போது ஓட வேண்டும். ஈரத் தகடு அரை மணி நேரத்திலேயே செம்மஞ்சளாகும். ஒரு லீற்றர் ஸ்பிரிட் விட்டுச் சுழற்றி ஊற்றினால் நீரை இழுத்துக்கொண்டு வரும். ஸ்பிரிட் ஆவி இருக்கும்போது தலைமயிர் உலர்த்துகிற கருவியைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது, அதற்குள்ளே சிவந்த கம்பி இருக்கிறது. குளிர்ந்த காற்று ஊதி, வெயிலில் வையுங்கள்.

கோவை_69

நன்றி. மூடி சோதனையில் சத்தம் இல்லை. தூள் காந்தத்தில் ஒட்டுகிறது. கழற்றியாகிவிட்டது. அடியில் இரண்டு ஊசி ஓட்டை, இரண்டுக்கும் நடுவே 4 செ.மீ. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தகடு குழிகுழியாக இருக்கிறது, ஆனால் அமுங்கவில்லை. விளிம்பு மடிப்பு வெளியே லேசான துருதான், கம்பி இறங்கவில்லை.

வேறு எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று காற்று அடித்துப் பார்க்கலாமா?

பற்றுக்கோல்

பார்க்கலாம், கம்ப்ரஸரை நேரடியாக மாட்டிவிடாதீர்கள். டேங்க் என்பது மெல்லிய தட்டைத் தகடு. சதுர அங்குலத்துக்கு ஒன்றரை பவுண்ட் அழுத்தத்திலேயே 50-க்கு 40 செ.மீ. பரப்பின்மேல் 200 கிலோ தள்ளும். ஐந்து பவுண்ட் போனால் பலூன் மாதிரி உப்பி, மடிப்பு விரியும்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்த எளிய வழி தண்ணீர்தான். தெளிவான பிளாஸ்டிக் டியூபை டேங்கின் ஒரு துவாரத்தில் மாட்டி, மறுமுனையை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர்க் குழாய்க்குள் அடிவரை விடுங்கள். இன்னொரு துவாரத்தில் சைக்கிள் பம்ப். ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் 0.1 பார். அதற்குமேல் போனால் குமிழியாக வெளியேறிவிடும். மிச்சத் துவாரங்களை அடைத்து, மடிப்பு முழுக்க சோப்புநுரை தடவுங்கள். கழுவி முடித்த டேங்கில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டேங்க் பிழைக்கும். ஆனால் ஓட்டையில் ஈயத்தை வைத்து நேராக அடைக்கச் சொல்லாதீர்கள். குழிவிழுந்த தகட்டில் ஈயத்துக்குப் பலம் இல்லை, அதிர்வில் விரிசல் விடும். இரண்டு ஓட்டையையும் குழிகளையும் சேர்த்து மூடும் ஒரே ஒட்டுத் தகடு போட வேண்டும்.

22 கேஜ் பித்தளைத் தகடு, மூலைகளை உருட்டி வெட்டியது, நல்ல தகட்டின்மேல் எல்லாப் பக்கமும் 20 மி.மீ. படிய வேண்டும். டேங்கை வெள்ளி மாதிரி தெரியும்வரை சுரண்டி, இரண்டிலும் தனித்தனியாக ஈயப்பூச்சு கொடுத்து, பிறகு ஒட்டி ஓரம் முழுக்க ஓடவிடுங்கள். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும், ஆகவே சுடர் தேவையில்லை. வேறிடத்தில் சூடாக்கிய கனமான செம்புப் பற்றுக்கோல் போதும். அந்த நேரத்தில் டேங்க் கவிழ்ந்து, வேலை செய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரம்பி இருக்கட்டும். தண்ணீர் தகட்டைத் தொட்டால் சூடு நிற்காது, ரொம்பக் கீழே இருந்தால் ஆவிக்கு இடம் கொடுக்கிறீர்கள். இதெல்லாம் கடைக்காரர் தினமும் செய்வதுதான், பக்கத்தில் நின்று தண்ணீரை மட்டும் வலியுறுத்துங்கள்.

ஈயம் பற்றவைக்கும் துத்தநாக ஆசிட்டைச் சோடாத் தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவாவிட்டால், ஒட்டைச் சுற்றியே அடுத்த வருடம் புது ஓட்டை விழும்.

மஞ்சள்_வண்டு

ஒட்டு போட்ட பிறகு உள்ளே எபாக்ஸி சீலரும் ஊற்றிவிடுங்கள் என்பேன். உள்ளங்கை அளவு குழி தெரிகிறது என்றால் தெரியாத இடத்திலும் இருக்கும். இரண்டு பாகம் கலக்கும் வகையில் 40 லிட்டர் டேங்குக்கு ஒரு லிட்டர் அளவு போதும். வலை, சென்டர் இரண்டையும் எடுத்து, அவுட்லெட்டில் வாசலின் தடவிய போல்ட் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறு பக்கம் புரட்டி, மிச்சத்தை முழுக்க வடித்து, நாலு நாள் காயவிட வேண்டும். அடியில் தேங்க விட்டால் வெளியே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும்.

பாக்ஸர்_நாலு

இங்கே நான் ஒத்துப்போகவில்லை. சீலர் நன்றாகப் பிடித்தால் நல்லதுதான், ஆனால் பிடிக்கவில்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். துளி எண்ணெய், மடிப்பில் துளி ஈரம், மழைக்காலக் காற்று, இதில் ஒன்று இருந்தாலும் உரியும். உரிந்த தோல் வலைமேல் படுத்தால் இப்போது உள்ள அதே வியாதிதான், தூள் மாதிரி தானாக உதிராது, அவ்வளவுதான் வித்தியாசம். சீலர் போட்ட டேங்கை ஈயக்கடைக்காரர் மறுபடி தொடமாட்டார், சூட்டில் கருகும். எத்தனால் தாங்காத பழைய வகைச் சீலர்கள் இ20-இல் ஜெல்லி போலாகிவிடும்.

ஒட்டு பிடித்து, காற்றுச் சோதனையும் தாண்டினால் சீலர் இல்லாமலே மாட்டுங்கள். 250 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஒரு லிட்டர் பெட்ரோலில் கலந்து உள்ளே சுழற்றி ஊற்றிவிட்டால் உடனடித் துரு நிற்கும். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது டேங்க் நிறைந்திருக்கட்டும். வெற்றிடம் இருந்தால் இரவில் வேர்க்கும், எத்தனால் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சீலர்தான் வேண்டுமென்றால் ஆயில் கலவையை ஊற்றாதீர்கள், இரண்டில் ஒன்றுதான்.

மஞ்சள்_வண்டு

சரி, மழைக்காலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஈரக்காற்றில் எபாக்ஸி சரியாக இறுகாது. பங்குனி வெயிலில் செய்ய வேண்டிய வேலை.

சோதனையில் மடிப்பு கசிந்தால் மட்டும் புது டேங்க். ஆர்டர் போடும்போது கவனம்: 1967 ஆகஸ்டுக்கு முந்தைய டேங்கில் மூடி டேங்கின் மேலேயே இருக்கும், கேஜ் கேபிளில் இயங்கும். உங்களுக்கு வெளியே மூடி வைத்த, எலக்ட்ரிக் சென்டர் உள்ள பிந்தைய வகை வேண்டும். 1302, 1303 என்ற பிந்தைய பீட்டில் மாடல்களின் டேங்க் 42 லிட்டர், வேறு வடிவம், உட்காராது. சென்டரை இப்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள்: மிதவை மேலே இருக்கும்போது 10 ஓம் பக்கம், கீழே 73 ஓம் பக்கம். நடுவில் எங்கும் அறுந்து போகக் கூடாது. புது டேங்க் என்றாலும் உள்ளே வெட்டுத்தூளும் காப்பு எண்ணெயும் இருக்கும், கழுவாமல் மாட்டாதீர்கள்.

கோவை_69

ஒட்டு போட்டே மாட்டுகிறேன். ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டுமா? இ20-க்காக கார்புரேட்டரில் ஏதாவது?

பாக்ஸர்_நாலு

ஹோஸ் முழுக்க மாற்றுங்கள். துணிப்பின்னல் போட்ட பழைய வகை, பின்னலுக்கு அடியில் வெடித்திருப்பது வெளியே தெரியாது. உள்விட்டம் 5 மி.மீ., எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டது. மாட்டும் முன் சேஸிஸுக்குள் ஓடும் இரும்புக் குழாயைப் பின்பக்கத்திலிருந்து முன்னால் காற்றடித்துத் துணியில் பிடியுங்கள். டேங்கைச் சுத்தம் செய்துவிட்டு இதை விட்டால் தூள் தொடரும். விளிம்புக்கு அடியில் புது ஃபோம் பட்டை, தண்ணீர் உறிஞ்சாத வகையில்.

பிளாஸ்டிக் ஃபில்டர் இஞ்சினுக்கு மேலே பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே தொங்கினால் இன்றே எடுத்துவிடுங்கள். அதன் கனமும் அதிர்வும் கார்புரேட்டரில் வெறுமனே அழுத்திச் செருகியிருக்கும் பித்தளைக் குழாயை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிவிடும். பிடுங்கினால் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் பீய்ச்சும். பீட்டில்கள் தீப்பிடிப்பதற்குப் பழைய காரணம் இது. ஃபில்டரை டேங்குக்கு அடியிலோ கியர்பாக்ஸ் பக்கமோ வையுங்கள்.

இ20-க்கு, எத்தனால் கலக்காத பெட்ரோலில் 14.7-க்கு 1 இருந்த காற்று-எரிபொருள் விகிதம் 13.5 அளவுக்கு வரவேண்டும், அதாவது ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் எரிபொருள். சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத்திருகுதான் ஜெட், அதன் எண் துளையின் விட்டம். 125 இருந்தால் 130 போட்டாலே பரப்பு 8 சதவீதம் கூடிவிடும். முதலில் ஜெட்டைக் கழற்றி அதில் என்ன எண் இருக்கிறதென்று பாருங்கள், யாராவது ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். பிளக் நிறம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, ஒட்டுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு இரவு நிறுத்துங்கள். கறை இல்லையென்றால் நிரப்பலாம். ஃபில்டரை 100 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றி, வெட்டிப் பாருங்கள்.