மரக் கடைசல் ஷெட்டுக்கு டியூப் லைட்: பழைய காப்பர் சோக் செட் போதுமா?

அம்பை_கடைசல்

எல்லோருக்கும் வணக்கம். கார் நிறுத்துவதற்காக வீட்டுக்குப் பின்னால் போட்ட ஷெட்டில் இப்போது தாத்தாவின் மரக் கடைசல் மெஷினை வைத்திருக்கிறேன். தாத்தா அம்பாசமுத்திரத்தில் சொப்பு சாமான் கடைந்தவர். அவர் போன பிறகு பத்து வருஷம் சாக்கு போட்டு மூடிக் கிடந்த மெஷின், போன தையில்தான் புது மோட்டார் மாட்டி ஓட்டினேன். பகலில் வேலைக்குப் போய்விடுவதால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறது.

ஷெட் 12 அடிக்கு 20 அடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உயரம் ஒன்பது அடி. நடுவில் ஒரே ஒரு டியூப் லைட். மெஷின் சுவர் ஓரமாக இருப்பதால் நான் குனிந்தாலே உளி முனையில் என் நிழல்தான் விழுகிறது. மச்சான் ஆபீஸைக் காலி செய்தபோது ஆறு நாலடி செட் கொடுத்தார், எல்லாம் 36 வாட், காப்பர் சோக் (டியூப் இழுக்கிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற கம்பிச் சுருள்), ஸ்டார்டர் போட்டது. கடையில் கேட்டால் இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு எல்இடி வாங்குங்கள் என்கிறார்கள். நன்றாக எரிகிற பொருளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மாட்டலாமா? எத்தனை மாட்ட வேண்டும், எங்கே?

இன்னொன்று, இது ஒரு வாரமாக உறுத்துகிறது. மோட்டார் வேகத்திலேயே ஓடும்படி பெல்ட்டைப் போட்டால், கட்டையைப் பிடித்துச் சுற்றுகிற சக், நாலு ஜா (கவ்வுகிற தாடை) உள்ளது, மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றுவது போலத் தெரிகிறது. பகலில் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் அப்படி இல்லை. என் கண்ணில் கோளாறா?

டர்னர்_அண்ணாச்சி

தம்பி, உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டியூப் லைட்டுக்குக் கீழே இன்று ராத்திரி மெஷினை ஓட்டாதீர்கள். வெளிச்சக் கணக்கெல்லாம் அப்புறம், முதலில் இதைப் படியுங்கள்.

நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். காப்பர் சோக்கில் ஓடுகிற டியூப் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, சுற்றுகிற பொருள் இருந்தால்தான் தெரியும். உங்கள் மோட்டார் நாலு போல் (காந்த முனை) மோட்டார் என்றால் நிமிஷத்துக்கு 1500 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே, 1440 போல ஓடும். 1500 என்றால் நொடிக்கு 25 சுற்று. ஒரு சுற்றுக்குள் விளக்கு நாலு தடவை மின்னுகிறது. உங்கள் சக்கில் ஜாவும் நாலு. ஒவ்வொரு மின்னலுக்கும் அடுத்த ஜா அதே இடத்துக்கு வந்து நிற்பதால் சக்கே நிற்பது போலத் தெரியும். 1440 என்பதால் கொஞ்சம் பின்தங்குகிறது, அதுதான் நீங்கள் பார்த்த பின்சுற்று. லோடு இல்லாமல் ஓடினால் இன்னும் 1500-ஐ ஒட்டி வரும், அசையாமல் நிற்பது போலவே ஆகிவிடும். மோட்டாரும் விளக்கும் ஒரே கரண்டில் ஓடுவதால் இது தற்செயலாக எப்போதோ ஒருமுறை நடப்பதில்லை, தினமும் நடக்கும்.

நான் முப்பது வருஷம் லேத்தில் நின்றவன். எங்கள் ஷாப்பில் ஒரு பையன் நிற்கிறது என்று நினைத்துத் துணியால் துடைக்கக் கையை நீட்டினான். துணி சுற்றிக்கொண்டது, ஆட்காட்டி விரலில் ஒரு கணு போனது. மேலே இருந்தது ஒரே ஒரு காப்பர் சோக் டியூப். அன்றைக்குப் பிறகு எந்த மெஷினுக்கு மேலேயும் ஒற்றை டியூப் இருக்க நான் விட்டதில்லை.

பழைய ஷாப்களில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். மூன்று பேஸ் லைன் இருந்தால் டியூப்களை ஆர், ஒய், பி என்கிற மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள், ஒன்று மங்கும்போது மற்றது எரியும். ஒரே பேஸ் என்றால் இரட்டை டியூப் ஃபிட்டிங்கில் ஒரு சோக்கோடு மட்டும் தொடராக ஒரு கண்டன்சரைச் சேர்ப்பார்கள், இரண்டும் ஒரே சமயத்தில் மங்காது. மெஷின் மேலேயே வளைகிற கம்பியில் ஒரு குண்டு பல்பும் இருக்கும். அதன் இழை அந்த நொடித் துணுக்குக்குள் ஆறாது என்பதால் வெளிச்சம் அவ்வளவாக ஏறி இறங்காது.

உங்களுக்கு இதிலெல்லாம் சுலபமான வழி எலக்ட்ரானிக் சோக். அது நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் ஓட்டுவதால் இந்தத் தொல்லை நின்றுவிடும், ஸ்டார்டரும் வேண்டாம். மாற்றும் வரை பகலிலோ குண்டு பல்பிலோ மட்டும் ஓட்டுங்கள்.

வயர்மேன்_தென்காசி

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, நான் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

240 சதுர அடி என்றால் சுமார் 22 சதுர மீட்டர். நுணுக்க வேலை செய்கிற இடத்தில் பொதுவாக 300 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) வேண்டும், உளி படுகிற இடத்தில் 500. கறுத்த ஆஸ்பெஸ்டாஸ், சிமெண்ட் சுவர் என்று இருந்தால் பாதி வெளிச்சத்தை அவையே தின்றுவிடும். ஆக 300 லக்ஸுக்கே 13,000 லூமென் (விளக்கு வெளியிடுகிற மொத்த வெளிச்சம்) கிட்ட மாட்ட வேண்டியிருக்கும். டியூப் ஓரத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 840, 865 என்று 8-ல் தொடங்கினால் நல்ல பாஸ்பர் பூசிய டியூப், புதிதாக 36 வாட்டுக்கு 3,200 லூமென் போல வரும், நாலு போதும். பழைய ரகம் 54 அல்லது 765 என்று இருந்தால் 2,500தான், அதுவும் ஓடி ஓடி இறங்கியிருக்கும். இரண்டு முனையும் கறுத்த டியூபை ஒதுக்கிவிடுங்கள்.

சுவருக்கு வெள்ளை அடியுங்கள். அதுவே ஒரு டியூப் சேர்த்த மாதிரி. ஷீட்டைத் துளைக்கவோ உரசவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. மரச் சட்டத்தில் ஃபிட்டிங்கை மாட்டிச் சங்கிலியில் தொங்க விடுங்கள்.

காப்பர் சோக்கே பத்து வாட்டுக்கு மேல் சூடாக வீணாக்கும், 36 வாட் டியூப் என்றாலும் இழுப்பது 50 கிட்ட. சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஏரியா என்றால் ஸ்டார்டர் அடித்துக்கொண்டே இருக்கும், டியூப் பிடிக்காது. எலக்ட்ரானிக் சோக் குறைந்த வோல்டேஜிலும் பிடித்துவிடும், ஆனால் இடி மின்னலுக்குக் காப்பர் சோக் போலத் தாங்காது.

எல்இடி பக்கம் போனால் ஒன்று கவனிக்க வேண்டும். எல்இடி என்றாலே துடிக்காது என்று நினைக்க வேண்டாம். மலிவான டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கிற சர்க்யூட்) உள்ளவை அதே 100 ஹெர்ட்ஸில் துடிக்கும், சில சமயம் டியூபை விட மோசமாக. கடையிலேயே எரியவிட்டு மொபைலில் ஸ்லோ மோஷனில் ஒரு வீடியோ எடுங்கள். வெளிச்சம் படபடவென்று அடித்தாலோ பட்டை பட்டையாக ஓடினாலோ வாங்காதீர்கள். பழைய ஃபிட்டிங்கில் எல்இடி டியூப் மாட்டுவதாக இருந்தால் அந்த டியூபுக்கு என்ன வயரிங் சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். சில ரகத்துக்கு ஒரு முனையில் மட்டும்தான் பேஸும் நியூட்ரலும், சிலதுக்கு இரு முனையிலும். மாற்றிக் கொடுத்தால் மாட்டும்போது ஷாக் அடிக்கலாம். மெயினை ஆஃப் செய்யாமல் கை வைக்க வேண்டாம்.

என் கருத்து: ஆறு செட்டில் நல்ல டியூப் நாலு தேறினால் எலக்ட்ரானிக் சோக் போட்டு ஓட்டுங்கள். தேறாவிட்டால் புது டியூபுக்குச் செலவு செய்ய வேண்டாம். பாதரசம் இருப்பதால் நீளக் குழல் விளக்குகளை 2027-க்குள் நிறுத்துவதாக பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற உலக ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் முடிவெடுத்தாயிற்று, இந்தியாவும் அதில் இருக்கிறது. இன்னும் சில வருஷத்தில் மாற்று டியூப் தேடி அலைய வேண்டி வரும்.

அரக்கு_வண்ணம்

தம்பி, சொப்பு கடைகிறீர்கள் என்றால் அரக்கும் ஏற்றுவீர்கள்தானே? அதை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பதினைந்து வருஷமாக வீட்டில் வண்ணம் ஏற்றுகிறேன். முதலில் பழைய நீல வெளிச்ச டியூபுக்குக் கீழேதான் செய்தேன். ராத்திரி ஒரே சிவப்பாக ஏற்றிய பத்துக் கிண்ணமும் காலையில் திண்ணையில் வைத்துப் பார்த்தால் நாலு செங்கல் நிறமாக இருக்கும், ஆறு ரத்தச் சிவப்பாக இருக்கும். அரக்குக் குச்சி வேறு வேறு தடவை காய்ச்சியது, அந்த வித்தியாசத்தை அந்த வெளிச்சம் காட்டவே இல்லை. வயர்மேன் தம்பி சொன்ன 8-ல் தொடங்குகிற டியூப் மாட்டிய பிறகுதான் அது நின்றது. 865 பகல் வெளிச்சம் போல வெள்ளையாக இருக்கும், 840 கொஞ்சம் இதமாக. நான் 840 வைத்திருக்கிறேன், ராத்திரி வெகுநேரம் பார்த்தாலும் கண் எரியவில்லை.

நிழலுக்கு: டியூப் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. மெஷினின் நீளத்துக்கு இணையாக, உங்கள் தலைக்கும் கடைகிற கட்டைக்கும் நடுவில், கொஞ்சம் சுவர்ப் பக்கம் தள்ளி இருக்கட்டும். அப்புறம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒரு சின்ன விளக்கு வையுங்கள். மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கட்டையில் உளி விட்ட வரி தெரியாது, பக்கத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும். மரத்தூள் டியூபில் படிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை அணைத்து, ஆறியதும் துடையுங்கள்.

அம்பை_கடைசல்

அண்ணாச்சி, வயர்மேன் அண்ணா, அக்கா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் பையனின் விரலைப் படித்ததும் எழுந்துபோய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டியூப்களைப் பார்த்தேன். ஆறில் மூன்றுதான் 865, மற்றவை முனை கறுத்தவை. அந்த மூன்றுக்கும் எலக்ட்ரானிக் சோக் போட்டாயிற்று. இரண்டை மெஷினுக்கு மேல் முன்பக்கமாகத் தொங்கவிட்டேன், ஒன்று பெஞ்சுக்கு. ஷெட்டின் மறுபாதிக்கு ஸ்லோ மோஷனில் பார்த்து ஒரு எல்இடி வாங்கினேன், கடையில் நாலு எரியவிட்டுப் பார்த்ததில் ஒன்றுதான் ஆடாமல் இருந்தது. சக்கை ஓட்டினேன், இப்போது வெறும் சாம்பல் மூட்டம் போலத்தான் தெரிகிறது, ஜாவே தெரியவில்லை. பக்க விளக்கு வைத்ததும் நேற்று முடித்த பம்பரத்தில் உப்புத்தாள் விட்ட கோடு அத்தனையும் தெரிந்தது, திரும்ப மாட்டித் தேய்த்தேன்.

கறுத்த மூன்று டியூபை என்ன செய்வது? குப்பை வண்டியில் போடலாமா?

வயர்மேன்_தென்காசி

குப்பையில் வேண்டாம், உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். உடையாமல் அட்டையில் சுற்றி வைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். கை தவறி உடைந்தால் கதவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் துடைப்பமோ வாக்வமோ போடாமல் அட்டையால் அள்ளி, ஈரத் தாளால் துடைத்து, மூடி உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். குழந்தைகள் இருந்தால் ஷெட் பக்கமே விடாதீர்கள்.