புதுப்பிப்பு: கிரவுன்-பினியன் ஊளைச் சத்தம் நின்றது

வண்டியின் பின் ஆக்சிலில் புது கிரவுன்-பினியன் (பெரிய பல்சக்கரமும் அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரமும்) போட்டேன், பேக்லாஷ் (இரண்டின் பற்களுக்கும் இடையிலுள்ள தளர்வு) 0.20 மிமீ இருக்கிறது, இருந்தும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளையிடுகிறது என்று கேட்டிருந்தேனே, அது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பேக்லாஷை விடுங்க, பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, பல்லோடு பல் பட்டுப் பதியும் அச்சைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் பலித்தது. கிரவுனை மரக்கட்டையால் அழுத்திப் பிடித்துச் சுற்றினேன். அச்சு பல்லின் நுனியோரமாக விழுந்தது. அதாவது பினியன் கிரவுனை விட்டு எட்ட நிற்கிறது. பினியன் தலைக்குப் பின்னால் 0.13 மிமீ ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) சேர்த்ததும் அச்சு நடுவுக்கு வந்தது. பேக்லாஷ் குறைந்தது. கிரவுனின் பக்கவாட்டு ஷிம்மை ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் போட்டு பேக்லாஷைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். ஷிம்களின் மொத்த கனம் மாறாததால் பேரிங் பிரீலோடும் (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்) மாறவில்லை.

பினியனின் பழைய பேரிங்கின் உள்துளையைத் தேய்த்துப் பெரிதாக்கி, சோதனைக்கு வைத்துக்கொள்ளும் யோசனை அருமை. கையாலேயே கழற்றி மாட்டலாம். இல்லாவிட்டால் ஷிம் மாற்றும் ஒவ்வொரு முறையும் புல்லரோடு (பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) மல்லுக்கட்டியிருப்பேன்.

எதிர்பாராதது ஒன்று. நான்கு இடங்களில் அளந்தபோது பேக்லாஷ் இடத்துக்கு இடம் மாறியது. கிரவுனைக் கழற்றினால், அதைப் பூட்டும் கூடான கேரியரில் ஒரு போல்ட் துளை விளிம்பில் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு பிசிறு! அரத்தால் தேய்த்ததும் பேக்லாஷ் எல்லா இடத்திலும் சமமானது.

அப்புறம், பினியன் நட்டை ஒரு இழுப்பு அதிகமாக முறுக்கி ஒரு கிரஷ் ஸ்லீவை (நட்டை முறுக்கும்போது நசுங்கி பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும் குழாய்) பாழாக்கினேன். நட்டைத் தளர்த்தினால் அது பழைய நிலைக்கு வராது, புதிதுதான் போட வேண்டும்.