பர்பாட் மீனுக்குத் தமிழ்ப்பெயர்: கெளுத்தியா, விலாங்கா, தாடியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உறைந்த ஏரியில் தூண்டிலிட்டுப் பிடித்த பர்பாட் (burbot) என்னும் குளிர்நாட்டு மீனைச் சுத்தம் செய்து சமைக்கும் முறையைத் தமிழில் எழுதப் புகுந்தவர்கள், மீனின் பெயரைத் தாண்ட முடியாமல் பத்து நாள்களாக நின்றுகொண்டிருக்கிறோம். வந்த பரிந்துரைகளில் இரண்டுக்குத்தான் ஆதரவு மிகுதி.

> தலை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது, தோல் வழவழப்பு, செதில் கண்ணுக்குத் தெரியவில்லை, வாயருகே மீசையும் உண்டு. 'பனிக்கெளுத்தி' என்றால் யாருக்கும் விளங்கும்.

> உடல் நீண்டு நெளிகிறது. தூக்கிப் பிடித்தால் வாலால் கையைச் சுற்றிக்கொள்கிறது. ஆங்கில வட்டார வழக்கிலும் விலாங்கோடு சேர்த்துச் சொல்லும் பெயர் இதற்கு உண்டு. 'குளிர்விலாங்கு' பொருந்தும்.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மீன் கெளுத்தியும் அன்று, விலாங்கும் அன்று. 1758இல் சுவீடன் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட இது, காட் (cod) என்னும் குளிர்கடல் மீன்களின் வரிசையில் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கும் ஒரே இனம் என்பது உயிரியல் சொல்லும் காரணம். அதை நான் முதன்மையாக வைக்கவில்லை. இனம் பார்த்தா நம் கடற்கரையில் மீனுக்குப் பெயர் வைத்தார்கள்? என் கவலை வேறு. நாம் எழுதுவது சமையற் குறிப்பு. பெயரைப் படித்தவுடனே படிப்பவரின் கை ஒரு வேலைக்குத் தயாராகிவிடும். அந்த வேலை தவறானதாக இருக்கக் கூடாது.

கெளுத்தி என்று எழுதினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் கெளுத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் பக்கவாட்டு முள்ளைத்தான் தேடுவார்கள். குத்தினால் கடுக்கும் என்பதால் அதை நறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. பிறகு சாம்பலோ கல்லுப்போ போட்டு வழவழப்புப் போகத் தேய்ப்பார்கள். தோலை உரிக்க மாட்டார்கள். குடலோடு சேர்த்து ஈரலையும் வழித்து எறிந்துவிடுவார்கள். பர்பாட்டில் இந்த மூன்றும் பிழை. அதற்குக் குத்தும் முள் இல்லை, துடுப்புகள் மென்மையானவை. செதில்கள் மிகச் சிறியவையாகத் தோலுக்குள் புதைந்திருப்பதால், தேய்த்துப் பயனில்லை, தோலையே உரித்துவிட வேண்டும். ஈரலோ, உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு வரும்; வைட்டமின் ஏ, டி ஆகியவை நிறைந்த அந்த ஈரலுக்காகவே பின்லாந்துக்காரர்கள் சனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்த மீனைத் தேடி வாங்கி, ஈரலையும் சேர்த்துச் சூப் வைக்கிறார்கள்.

விலாங்கு என்றால் வேறு வகையில் ஏமாற்றம். விலாங்கு கொழுப்பு மிகுந்த மீன். அதே நினைப்பில் எண்ணெயைக் குறைத்துத் தோசைக்கல்லில் நெடுநேரம் விட்டால் பர்பாட் நார்நாராகக் காய்ந்துவிடும். அதன் 100 கிராம் சதையில் கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. உள்ள கொழுப்பெல்லாம் ஈரலில்தான் சேர்ந்திருக்கும்.

இந்த நிலையில், சென்ற ஞாயிறு காலை, சயானில் நான் வழக்கமாக மீன் வாங்கும் சந்தைக்குப் போனபோது, அங்கே உட்காரும், கோலி என்னும் மீனவ இனத்தைச் சேர்ந்த அம்மாவிடம் கைப்பேசியில் இந்த மீனின் படத்தைக் காட்டினேன். மும்பையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்களை 'மௌஷி' (மராத்தியில் சித்தி) என்றுதான் அழைத்து வருகிறேன். நான் எதைக் கேட்டாலும் முதலில் விலையைச் சொல்லிவிட்டுத்தான் விடை சொல்வார்கள். அன்று ஒரு வாம் (மராத்தியில் விலாங்கு) மீனின் கழுத்தைச் சுற்றிக் கத்தியால் கீறி, உப்புத் தொட்ட துணியால் தோலைப் பற்றி வால் வரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வாமும் இல்லை, ஷிங்காளாவும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஷிங்காளா என்பது மராத்தியில் கெளுத்தி இனத்துக்குப் பெயர். பிறகு மீனின் வாய்க்குக் கீழே, தாடையின் நடுவில், தனியாகத் தொங்கும் ஒரே ஓர் இழையின் மேல் நகத்தை வைத்து, "ஹ்யாலா தாடி ஆஹே" என்றார்கள். இதற்குத் தாடி இருக்கிறது.

பத்து நாள்களாக நாம் மீசை, உணரிழை, தொடுநீட்சி என்று எழுதிக்கொண்டிருந்ததை மௌஷி ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். மேலுதட்டுப் பக்கம் இருந்தால் மீசை. தாடைக்குக் கீழே இருந்தால் தாடி. கெளுத்திக்குப் பல மீசைகள். இதற்கு ஒற்றைத் தாடி. பர்பாட் என்ற பெயரே தாடியைக் குறிக்கும் 'பார்பா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் என்பதை வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியபோது கண்டேன். ஆகவே 'ஒற்றைத்தாடி' என்ற பெயரை முன்மொழிகிறேன்.

இந்தப் பெயரை வைத்து எழுதிப் பார்த்த வரைவு இது:

"ஒற்றைத்தாடியின் தலைக்குச் சற்றுப் பின்னால், தோல் மட்டும் அறுபடும்படி கழுத்தைச் சுற்றிக் கீறிக்கொள்ளவும். தலையைப் பலகையோடு அழுத்திப் பிடித்து, தோலின் விளிம்பைக் குறட்டால் பற்றி வாலை நோக்கி உரிக்கவும். வயிற்றைத் திறந்து, பித்தப்பை உடையாமல் ஈரலைத் தனியே எடுக்கவும். பின்னர் முதுகெலும்பின் இருபுறமும் கத்தியை ஓட்டி, தலையிலிருந்து வால் வரை நீளும் முதுகுச்சதையை எடுக்கவும்."

எலும்பு நீக்கிய இந்தச் சதையை 'ஃபில்லே' என்று எழுதலாம் என்றார் ஒருவர்; மும்பைக் கடைகளில் அப்படித்தான் கேட்கிறோம், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த மீனில் எடுப்பது முதுகெலும்பையொட்டிய இரண்டு நீளப் பட்டைகளையே என்பதால், 'முதுகுச்சதை' எந்த இடத்தில் கத்தி போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இந்தப் பட்டைகளில் ஊடுமுள் இல்லை.

சமைக்கும் பகுதியில் இரண்டு செய்திகள் மட்டும். முதுகுச்சதையைத் துண்டுகளாக்கி, உப்பு நீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, உருக்கிய வெண்ணெயில் தோய்த்து உண்பதால், அமெரிக்காவில் இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. அதை 'ஏழையின் சிங்கி இறால்' என்று தயங்காமல் எழுதலாம். நிலக்கடலையை ஏழையின் பாதாம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது அயலாகப் படாது. மற்றொன்று எச்சரிக்கை. இந்த மீனின் சதையிலும் ஈரலிலும் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கக்கூடும். 63 டிகிரி செல்சியஸ் வரை உள்ளே சூடேறும்படி சமைக்க வேண்டும், அல்லது சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்திருக்க வேண்டும். மீன் பனியிலிருந்தே வந்ததால் புழு செத்திருக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பனிப்பலகைக்கு அடியில் இருப்பது உறையாத நீர், அங்கே நடுக்குளிர்காலத்தில்தான் இந்த மீன் முட்டையே இடுகிறது.

மாற்றுக் கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.
மாட்டுங்கா, மும்பை

——

> ஆகவே 'ஒற்றைத்தாடி' என்ற பெயரை முன்மொழிகிறேன்.

ஐயா, வணக்கம். தாடி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு தடைகள். அட்லாண்டிக் காட் மீனுக்கும் தாடையின் கீழ் அதே ஒற்றை இழை உண்டு. நாளை அதற்குப் பெயர் வைக்கும்போது எங்கே போவோம்? ஏற்கெனவே காட் மீனைச் சிலர் 'பன்னா' என்று எழுதி, நம் கத்தாளை இனத்தோடு குழப்பி வைத்திருக்கிறார்கள். மேலும், எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடல் மீனைக் 'கடல் விரால்' என்கிறோம். அது விரால் இனமே அன்று, ஆனாலும் யாரும் ஏமாந்துபோகவில்லை. ஒப்புமையால் பெயரிடுவது நம் மரபு.

——

ஐயா, முதல் தடை சரியானது, எனக்குத் தோன்றாதது. அப்படியானால் 'தாடிமீன்' என்பதைப் பொதுப்பெயராக வைத்து, இதை 'நன்னீர்த் தாடிமீன்' என்றும், காட் மீனைக் 'கடல் தாடிமீன்' என்றும் சொல்வோம்; உறவும் விளங்கும், வேறுபாடும் விளங்கும். 'ஆற்றுத் தாடி' என்று சுருக்கலாமா என்று நினைத்தேன். ஏரியில் பிடித்ததற்கு அது ஒட்டாது.

இரண்டாவதில் சிறு வேறுபாடு. கடல் விராலையும் விராலையும் ஒரே மாதிரி துண்டு போட்டே குழம்பு வைக்கிறோம். அங்கே பெயர் கத்தியைத் தவறான இடத்துக்கு அனுப்பவில்லை. பாம்பே டக், அதாவது பம்பாய் வாத்து, என்ற பெயரைக் கேட்டு இங்கே யாரும் பொம்பில் மீனின் இறகைப் பிடுங்கப் போவதில்லை. பனிக்கெளுத்தி என்றால் ஈரல் குப்பைக்குப் போகும்.

வரைவில் 'ஒற்றைத்தாடி' வரும் இடங்களைத் திருத்திவிட்டேன். பனியைத் துளைக்கும் கருவிக்குத் 'துளைத்திருகு' என்று தற்காலிகமாக இட்டிருக்கிறேன். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாரேனும் பார்த்துச் சொல்லுங்கள்.